தீக்கோழி முட்டையும் ஆறு புனிதர்களும்: மறுமலர்ச்சிக்காலப் பீடப்படத்தில் குறியீட்டின் எல்லைகள்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்காலச் சமய ஓவியங்களில் தென்படும் ஒவ்வொரு பூவுக்கும் பழத்துக்கும் பறவைக்கும் பின்னால் ஒரு மறைபொருள் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் கலை வரலாற்றுத் துறையைப் பெரிதும் ஆட்கொண்டிருந்தது. லில்லி மலர் கன்னிமையைக் குறிக்கும், மாதுளை உயிர்த்தெழுதலைக் குறிக்கும், தங்கச்சிட்டு இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் என்று அகரவரிசையில் தொகுக்கப்பட்ட கையேடுகள் இன்றும் அருங்காட்சியகக் கடைகளில் விற்பனையாகின்றன. அவை பயனற்றவை அல்ல; ஆனால் ஓர் ஓவியத்தில் உள்ள எல்லாப் பொருள்களும் ஒரே விதமாகப் பேசுகின்றன என்ற தவறான நம்பிக்கையை அவை வளர்த்துவிட்டன. ஒரு புனிதரின் கையில் உள்ள சாவியும், குழந்தையின் கழுத்தில் உள்ள பவளமும், கூரையிலிருந்து தொங்கும் முட்டையும் குறியீடுகள் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அவற்றின் பொருளை எவ்வளவு உறுதியோடு சொல்ல முடியும் என்பது ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் ஓவியம் பியேரோ டெல்லா பிரான்செஸ்கா 1470களின் தொடக்கத்தில் வரைந்த பீடப்படமாகும். மிலான் நகரின் பிரேரா ஓவியக்கூடத்தில் இருப்பதால் பிரேரா பீடப்படம் என்றும், வரையச் செய்தவரின் குடும்பப் பெயரால் மோன்டெஃபெல்ட்ரோ பீடப்படம் என்றும் அது வழங்கப்படுகிறது.

பீடப்படம் என்பது திருப்பலி நிறைவேற்றப்படும் பீடத்துக்குப் பின்னே நிறுத்தப்படும் ஓவியப் பலகை. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரமுள்ள இந்தப் பலகையின் நடுவில், அரியணையில் அமர்ந்த கன்னி மரியா இரு கைகளையும் குவித்து வணங்க, அவர் மடியில் ஆடையற்ற குழந்தை இயேசு உறங்குகிறார். மரியாவுக்குப் பின்னே நான்கு வானதூதர்களும், இடப்புறத்தில் மூவரும் வலப்புறத்தில் மூவருமாக ஆறு புனிதர்களும் நிற்கின்றனர். வலப்புறத்தில், புனிதர்களுக்கு முன்னால், முழுக் கவசம் அணிந்து மண்டியிட்டிருப்பவர் ஊர்பினோ அரசின் ஆட்சியாளரும் கூலிப்படைத் தளபதியுமான ஃபெதெரிகோ த மோன்டெஃபெல்ட்ரோ. எல்லோருக்கும் பின்னால் பளிங்குப் பலகைகள் பதித்த கோயில் உள்வெளி விரிகிறது. அதன் கடைசியில் உள்ள அரைவட்ட மாடத்தின் உச்சி ஒரு பெரிய சிப்பியின் வடிவில் செதுக்கப்பட்டிருக்க, அந்தச் சிப்பியின் நுனியிலிருந்து ஒரு சங்கிலியில் வெண்ணிற முட்டை ஒன்று தொங்குகிறது.

இவற்றுள் மிக எளிதாக வாசிக்கக்கூடியவை புனிதர்களின் அடையாளப் பொருள்கள். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் த வொராஜினே என்ற தொமினிக்கன் துறவி தொகுத்த ‘பொற்புராணம்’ புனிதர்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய கதைகளை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. ஓவியரும் மறையுரையாளரும் பாமரரும் ஒரே கதைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டதால், கதையின் உச்சக் கணத்தைச் சுட்டும் ஒரு பொருளே புனிதரின் பெயர்ப்பலகையாயிற்று. சக்கரம் கத்தரீனாவையும், இரும்பு வறுதட்டு லாரன்சையும், தட்டில் ஏந்திய கண்கள் லூசியாவையும் குறித்தன. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க சமயத்தோடு வந்த இதே படிம மொழி தமிழகக் கடற்கரைக் கோயில்களிலும் நிலைபெற்றது; உடலில் அம்பு தைத்த உருவத்தைச் செபஸ்தியார் என்றும், குழந்தை இயேசுவை ஏந்திய துறவியை அந்தோனியார் என்றும் அங்கே யாரும் விளக்கம் கேட்டு அறிவதில்லை. மறைந்திருப்பதற்காக அல்ல, உடனே அறியப்படுவதற்காகவே இவ்வகைப் பொருள்கள் வரையப்பட்டன. எனவே இவற்றை மறைபொருள் என்று அழைப்பது பொருந்தாது.

பிரேரா பலகையில் இந்த முறை எவ்வாறு செயல்படுகிறது என்பது அருகிருந்து பார்க்கத்தக்கது. இடப்புறத்தில் விலங்குத் தோலாடையோடு குழந்தையை நோக்கி விரல் நீட்டுபவர் திருமுழுக்கு யோவான். இயேசுவைச் சுட்டிக்காட்டுவதே நற்செய்தி நூல்களில் அவருடைய பணி என்பதால், அந்த விரலே அவருடைய அடையாளம். வலப்புறத்தில் தம் அங்கியின் கிழிசலை விலக்கி விலாக் காயத்தைக் காட்டுபவர் அசிசி பிரான்சிஸ். இயேசுவின் ஐந்து காயங்களும் அவர் உடலில் தோன்றின என்பது பிரான்சிஸ்கன் சபையின் மையமான நம்பிக்கை. அவருக்கு அடுத்து நிற்கும் தொமினிக்கன் துறவியின் தலையில் உள்ள வெட்டுக்காயம், 1252இல் வட இத்தாலியில் கொல்லப்பட்ட மறைவிசாரணை அதிகாரியான வெரோனா பேதுருவை இனங்காட்டுகிறது. அந்தக் காயம் ஒரு கோரக்காட்சியாக அன்றி ஒரு முத்திரையைப்போல அமைதியாக வரையப்பட்டிருப்பது பியேரோவின் இயல்புக்கு ஏற்றது.

பெர்னர்தீனோவின் உருவம் வேறொரு வழியைக் காட்டுகிறது. சியெனா நகரைச் சேர்ந்த இந்தப் பிரான்சிஸ்கன் மறையுரையாளர் 1444இல் இறந்து 1450இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்; அதாவது, இந்தப் படத்தை முதலில் பார்த்தவர்களில் முதியவர்கள் அவருடைய மறையுரையை நேரிலேயே கேட்டிருக்கக் கூடும். இயேசுவின் திருப்பெயர் எழுத்துகள் பொறித்த பலகையே அவருடைய வழக்கமான அடையாளம் என்றாலும், பின்வரிசையில் நிற்கும் அவரைப் பல்லில்லாமல் ஒடுங்கிய கன்னமும் கூரிய தாடையும் கொண்ட முகமே காட்டிக்கொடுக்கிறது. இறந்தபின் எடுக்கப்பட்ட முகவார்ப்பு வழியாக அந்த முகம் இத்தாலி முழுவதும் அறியப்பட்டிருந்தது. பழம்புனிதர்களுக்குப் பொருளும் புதுப்புனிதருக்கு முகமும் அடையாளமாவது, படிம மரபு உயிரோட்டமுள்ளதாக மாறிக்கொண்டிருந்தது என்பதற்குச் சான்று.

எரோணிமுஸ் இன்னும் சிக்கலானவர். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த இந்த அறிஞர் பொதுவாகச் சிவப்புத் தொப்பியோடும் சிங்கத்தோடும் காட்டப்படுவார். அவர் 420இல் இறந்தார். கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி வழங்கும் வழக்கமோ 13ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தொடங்கியது. சிங்கத்தின் காலில் தைத்த முள்ளை எடுத்த கதை உண்மையில் யோர்தான் பாலைநிலத் துறவியான கெரசீமுஸ் என்பவருடையது. பெயர் ஒலியின் நெருக்கத்தால் அது எரோணிமுசுக்கு வந்து சேர்ந்தது என்று கருதப்படுகிறது. ஆக, மிக உறுதியான அடையாளங்கள் என்று நம்பப்படுபவையும் வரலாற்றுப் பிழைகளின் மேல் நிற்கக் கூடும்; ஆனால் அதனால் அவற்றின் பயன் குறைவதில்லை. பிரேரா படத்தில் தொப்பியும் இல்லை, சிங்கமும் இல்லை. கந்தலாடை விலகிய மார்பும் கையில் ஒரு கல்லும் மட்டுமே உள்ளன. அறிஞரான எரோணிமுஸை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் கல்லால் மார்பில் அடித்துக்கொண்டு நோன்பிருந்த எரோணிமுஸை வரையச் செய்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். பெர்னர்தீனோவும் பிரான்சிசும் உடனிருப்பதோடு சேர்த்துப் பார்த்தால், கடுந்துறவைப் போற்றிய பிரான்சிஸ்கன் சீர்திருத்தப் பிரிவினரின் கோயிலுக்கு இந்தத் தேர்வு பொருத்தமானது என்பது விளங்கும். புனிதர் யார் என்ற கேள்வியைவிட, அவருடைய பல முகங்களில் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற கேள்வி அதிகம் சொல்கிறது. கையேடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பதே இல்லை.

எல்லாப் புனிதரும் இவ்வாறு இனங்காணப்படுவதும் இல்லை. ஃபெதெரிகோவுக்கு நேர்ப்பின்னால் நூலோடு நிற்கும் தாடிக்காரரை நற்செய்தியாளர் யோவான் என்று பலரும், அந்திரேயா என்று சிலரும் கருதுகின்றனர். நூல் என்பது எந்தத் திருத்தூதருக்கும் உரியதாகையால், அந்த ஒரு பொருளைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முடியாது.

அடையாளப் பொருள்களிலிருந்து குழந்தையின் கழுத்தணிக்கு வரும்போது நிலம் சற்றே நெகிழ்கிறது. சிவப்பு மணிகளும் கிளைத்த பவளத்துண்டும் கோத்த அந்த அணி, கண்ணேறும் நோயும் அண்டாமலிருக்க இத்தாலியில் கைக்குழந்தைகளுக்கு உண்மையாகவே அணிவிக்கப்பட்டது. ஊர்பினோவில் இன்று உள்ள, சினிகாலியா மரியா எனப்படும் பியேரோவின் மற்றொரு படத்திலும் குழந்தை அதையே அணிந்திருக்கிறது. மெதூசாவின் வெட்டுண்ட தலை பட்டுக் கடற்செடி பவளமாயிற்று என்ற உரோமைக் கவிஞர் ஓவிதின் கதையும் அக்காலத்தில் பரவலாக அறியப்பட்டிருந்தது. ஆகவே பவளத்தின் நிறத்தில் சிலுவையில் சிந்தவிருக்கும் குருதியைக் காண்பது வலிந்து பொருள் கொள்வதாகாது. குழந்தையின் உறக்கமும் அத்தகையதே. தாயின் மடியில் கை தளர்ந்து கிடக்கும் உறங்கும் குழந்தை, சிலுவையிலிருந்து இறக்கப்பட்டுத் தாய்மடியில் கிடத்தப்பட்ட இறந்த மகனை முன்னறிவிக்கிறது என்ற வாசிப்புக்கு, ஜொவான்னி பெல்லினி உள்ளிட்ட வட இத்தாலிய ஓவியர்களின் படங்கள் வலுவான துணை நிற்கின்றன. ஒரு தாய் தன் குழந்தைக்குக் காப்பாக அணிவித்த பொருளே அக்குழந்தை காக்கப்படப்போவதில்லை என்பதை நினைவூட்டுவதுதான் இந்தப் படிமத்தின் ஆற்றல். இங்கே அன்றாட வழக்கும் இறையியல் பொருளும் ஒன்றையொன்று விலக்கவில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது தாங்காது.

மறைந்திருக்கும் பொருளைத் தேடும் முறைக்குத் துறைசார்ந்த வடிவம் கொடுத்தவர் எர்வின் பானோஃப்ஸ்கி. 1939இல் வெளிவந்த நூலில் அவர் ஓவிய வாசிப்பை மூன்று படிகளாகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவதை இனங்காணுதல், மரபின் துணையால் கதையையும் ஆளையும் அறிதல், ஒரு காலத்தின் அடிப்படை மனப்போக்கைப் படத்தில் கண்டெடுத்தல். பின்னர் 1953இல், தொடக்ககால நெதர்லாந்து ஓவியர்கள் வீட்டுப் பொருள்களின் இயல்பான தோற்றத்துக்குள் சமயப் பொருளை மாறுவேடமிட்டு வைத்தனர் என்ற கருத்தை விரிவாக நிறுவினார். இதற்கு முன்பே, 1945இல், மேயர் ஷாபிரோ ஒரு வியக்கத்தக்க சான்றை முன்வைத்திருந்தார். இன்று நியூயார்க்கில் உள்ள மெரோட் பீடப்படத்தின் ஓரப் பலகையில் தச்சரான யோசேப்பு எலிப்பொறி செய்கிறார். சிலுவை என்பது சாத்தானைப் பிடிக்க வைத்த எலிப்பொறி என்று அகுஸ்தீனார் தம் மறையுரையில் சொல்லியிருந்ததை ஷாபிரோ சுட்டினார். பொருளும் நூற்சான்றும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அரிது. அந்த வெற்றியே, பிற்கால ஆய்வாளர் பலரை, பொருந்தும் ஒரு நூல்வரி கிடைத்துவிட்டால் போதும் என்ற துணிவுக்கு இட்டுச்சென்றது. திருச்சபைத் தந்தையர் எழுதியவை நூலகம் நிறைய இருக்கையில், எந்தப் பொருளுக்கும் ஏதாவது ஒரு வரி கிடைக்காமல் போகாது.

இந்தப் போக்குக்கு எதிரான வலுவான குரல் எர்ன்ஸ்ட் கோம்பிரிக்கினுடையது. 1972இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் அவர், ஒரு படிமத்தின் பொருளை அகராதியில் தேடுவதற்கு முன், அந்தப் படம் எந்த வகையைச் சேர்ந்தது, எந்த இடத்தில் எந்தப் பயனுக்காக வைக்கப்பட்டது என்பதை முடிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டார். பியேரோவைப் பற்றி 1981இல் எழுதிய வரலாற்றறிஞர் கார்லோ கின்ஸ்பர்க், படிம வாசிப்பை வரையச் செய்தவர் பற்றிய தனிச்சான்றோடு ஒத்துப்பார்க்காவிட்டால், தேடியதையே கண்டெடுக்கும் சுழலில் ஆய்வாளர் சிக்கிவிடுவார் என்று எச்சரித்தார். பியேரோவின் ‘கசையடி’ ஓவியத்தில் முன்னால் நிற்கும் மூவரும் யார் என்பதற்கு ஒன்றையொன்று மறுக்கும் விளக்கங்கள் எவ்வளவு குவிந்துள்ளன என்பதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

பிரேரா படத்தில் இந்தச் சுழலின் ஓரத்தில் நிற்பது ஒரு வெற்றிடம். வலப்புறத்தில் ஃபெதெரிகோ மண்டியிட்டிருக்க, எதிரே இடப்புறத்தில், மனைவி மண்டியிட்டிருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அவருடைய மனைவி பத்திஸ்தா ஸ்ஃபோர்ஸா, நெடுநாள் காத்திருப்புக்குப் பின் 1472 ஜனவரியில் குயிதோபால்தோ என்ற ஆண்மகவைப் பெற்று, அதே ஆண்டு ஜூலையில், தம் 26ஆம் வயதில் இறந்தார். அந்த வெற்றிடத்துக்கு மேலே நிற்பவர் அவருடைய பெயருக்குரிய புனிதரான திருமுழுக்கு யோவான் என்பதால், இந்த வெறுமை இறந்தவரின் நினைவாகவே விடப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். இந்த வாசிப்பு மனத்தைத் தொடுவது. ஆனால் இன்மையிலிருந்து பெறும் சான்று எப்போதும் நொய்மையானது. அதே படத்தின் காலத்தைக் கணிக்கப் பயன்படும் மற்றோர் இன்மையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1474இல் ஃபெதெரிகோ கோமகன் பட்டமும் இங்கிலாந்து அரசரின் கார்ட்டர் விருதும் பெற்றார். அதன்பின் வரையப்பட்ட உருவப்படத்தில் அந்த விருதின் பட்டி அவர் காலில் பெருமிதத்தோடு காட்டப்பட்டுள்ளது. பிரேரா படத்தில் அது இல்லாததால், படம் அதற்கு முன்பே உருவாகியிருக்கும் என்ற முடிவு ஏற்கத்தக்கதாகிறது. கிடைத்த சிறப்பை அவர் காட்டத் தவறமாட்டார் என்பதற்கு வேறு படங்கள் சாட்சி. இறந்த மனைவியின் இடத்தை வெறுமையாக விடுவது வழக்கம் என்பதற்கோ அத்தகைய சாட்சி இல்லை. மேலும் இந்தப் பலகையின் ஓரங்கள் பிற்காலத்தில் வெட்டப்பட்டுள்ளதால், வெற்றிடத்தின் முழு அளவும் இன்று காணக் கிடைப்பதில்லை.

முட்டையின் கதை இவை எல்லாவற்றையும்விட நீண்டது. 1954இல் மில்லர்ட் மீஸ் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் அது தீக்கோழி முட்டை என்று வாதிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். கோயில்களில் தீக்கோழி முட்டைகளைத் தொங்கவிடும் வழக்கம் உண்மையாகவே இருந்தது. கீழைத் திருச்சபைகளில், குறிப்பாக எகிப்தின் கோப்து கோயில்களில், அது இன்றும் தொடர்கிறது. மான்தேஞ்ஞா 1450களின் இறுதியில் வெரோனாவின் சான் செனோ கோயிலுக்கு வரைந்த பீடப்படத்திலும் மரியாவின் தலைக்கு மேலே விளக்கோடு சேர்த்து இத்தகைய முட்டை தொங்குகிறது. சூரிய வெப்பமே தீக்கோழி முட்டையைப் பொரிக்கும் என்ற இடைக்கால நம்பிக்கை, ஆண் துணையின்றி மரியா கருவுற்றதற்கு இயற்கையில் கிடைத்த ஒப்புமையாக மறைநூலாரால் எடுத்தாளப்பட்டது. இதற்கு மேல், இரும்பைக் கவ்விய தீக்கோழி ஃபெதெரிகோவின் சின்னங்களுள் ஒன்று. அந்தப் பறவை இரும்பையும் செரிக்கும் என்ற பழைய நம்பிக்கை ஒரு போர்த்தளபதிக்கு ஏற்ற உருவகமாயிற்று. ஆக, இறைமகனின் பிறப்பு, மோன்டெஃபெல்ட்ரோ குடிக்கு வாரிசு பிறந்தது, தளபதியின் சின்னம் ஆகிய மூன்றும் ஒரே முட்டையில் கூடுகின்றன என்பது மீஸின் முடிவு.

எதிர்ப்பு முதலில் முட்டையின் அளவிலிருந்து எழுந்தது. பலகையில் அது மரியாவின் தலையைவிட மிகச் சிறியதாக இருப்பதால், கோழி முட்டையாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கப்பட்டது. இதற்கு விடை காணப் படத்தின் இயலுறு தோற்ற அமைப்பையே அளக்க வேண்டியிருந்தது. இயலுறு தோற்றம் என்பது தூரத்துப் பொருளைக் கணித முறைப்படி சிறிதாக்கி வரையும் ஓவிய உத்தி. அதைப் பற்றித் தனி நூலே எழுதியவர் பியேரோ. 1966இல் மீஸ், தியோடர் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து கட்டடத்தை மீட்டமைத்துக் காட்டியபோது, மாந்தர்கள் மாடத்துக்குள் நிற்கவில்லை, அதற்கு வெகுமுன்னால் கோயிலின் நடுக்கூடத்தில் நிற்கின்றனர் என்பது தெளிவாயிற்று. முட்டையோ கடைசி மாடத்தில் தொங்குகிறது. மரியாவின் தலைக்கு நேர்மேலே தொங்குவதாகத் தோன்றுவது பரப்பின் மேல் நிகழும் தோற்றமே. உண்மை வெளியில் இரண்டுக்கும் இடையே நெடுந்தூரம் உள்ளது. அந்தத் தூரத்தைக் கணக்கில் கொண்டால் முட்டை தீக்கோழி முட்டையின் அளவுக்கே வருகிறது.

அத்துடன் வழக்கு முடியவில்லை. 1970களில் அமெரிக்கக் கலை இதழ் ஒன்றில் ஈசா ரகூசாவும் கிரெய்ட்டன் கில்பர்ட்டும் முட்டை பற்றிய கேள்வியை மீண்டும் திறந்தனர்; மீஸ் 1975இல் மறுமொழி எழுதினார். சிப்பியோடு சேர்ந்து தொங்குவதால் அது முட்டையே அல்ல, முத்து என்றும், வானப் பனித்துளியால் சிப்பிக்குள் கருவாகும் முத்துப்போல மரியாவிடம் இயேசு பிறந்தார் என்ற உவமையையே அது குறிக்கிறது என்றும் வாதிட்டவர்களும் உண்டு. வடிவ நோக்கில் பார்ப்பவர்கள், மரியாவின் முட்டை வடிவ முகத்துக்கும் மேலே தொங்கும் முட்டைக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டி, சீரான திண்மங்களைப் பற்றிக் கணித நூல் எழுதி அதைக் குயிதோபால்தோவுக்கே காணிக்கையாக்கிய ஓவியருக்கு வடிவமே பொருளாக இருந்திருக்கும் என்றனர்.

இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத சாட்சி ஒருவர் உண்டென்றால் அவர் குயில்லெல்முஸ் துராந்துஸ். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாந்து நகர ஆயராக இருந்த அவர், கோயிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் வழிபாட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் உட்பொருள் சொல்லும் பெருநூல் ஒன்றை எழுதினார். குறியீடு தேடுபவர்களுக்கு அவரைவிட அன்பான நண்பர் கிடைப்பது கடினம். தீக்கோழி முட்டைக்கு அவர் தரும் விளக்கம் இரண்டு. சில கோயில்களில் இத்தகைய அரும்பொருள்களைத் தொங்கவிடுவது, காணக் கிடைக்காதவற்றைக் காண மக்கள் கோயிலுக்கு வரவும் மனம் ஒன்றவும் என்பது முதலாவது. மணலில் முட்டையை மறந்துவிட்டுப் போகும் தீக்கோழி ஒரு விண்மீனைக் கண்டதும் நினைவு வந்து திரும்புவதுபோல, கடவுளை மறந்த மனிதர் அருளொளியால் திரும்புகிறார் என்பது இரண்டாவது. அதையும் சிலர் சொல்வதாகவே அவர் பதிவு செய்கிறார். கன்னிப் பிறப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உட்பொருளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், அருமையான பொருள் என்பதால் தொங்கவிட்டனர் என்ற விளக்கத்தை முதலில் வைப்பது எளிதாகக் கடந்துவிடக் கூடியதல்ல.

இவற்றை எடைபோட்டால், முட்டை தீக்கோழியினுடையது என்பதைப் படத்தின் அளவைகளும் கோயில் வழக்கமும் தாங்குகின்றன. பறவை ஃபெதெரிகோவின் சின்னம் என்பதும் அந்த முட்டையை அவர் பார்வையில் பொருளுள்ளதாக ஆக்கியிருக்கும் என்று கொள்ளலாம். கன்னிப் பிறப்பு என்ற பொருள், மரியாவுக்குரிய ஒரு பீடத்தின் மேல் இயல்பாகவே வந்து அமரக்கூடியது என்றாலும், அதையே ஓவியர் கருதினார் என்று நிறுவ வழியில்லை. வாரிசின் பிறப்பு என்பது அதைவிட ஒரு படி தள்ளி நிற்கிறது. முத்து என்ற வாசிப்புக்கு, அதே இடத்தில் முத்துத் தொங்கவிட்ட கோயில் ஒன்றையேனும் காட்ட வேண்டும். சிப்பி வடிவ மாடமோ அக்காலக் கட்டடங்களில் எங்கும் காணப்படும் அலங்காரம்.

இந்தப் படத்துக்கான ஒப்பந்தப் பத்திரம் கிடைத்திருந்தால் இந்த விவாதங்களிற் பாதி எழுந்திருக்காது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மைக்கேல் பாக்ஸன்டால் 1972இல் எழுதிய நூல் காட்டுவதுபோல, 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஒப்பந்தங்கள் பேசியவை பெரும்பாலும் விலை, தவணை, பொன், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த விலையுயர்ந்த நீல நிறமி, படத்தில் வரவேண்டிய புனிதர்கள் ஆகியவற்றைப் பற்றியே. எந்தப் புனிதர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் பணம் கொடுத்தவர் எழுதி வாங்கிக்கொண்டார். கூரையிலிருந்து தொங்கும் பொருளுக்கு என்ன உட்பொருள் என்று எழுதிவைக்கும் தேவை யாருக்கும் இருக்கவில்லை. பியேரோவின் ஒப்பந்தப் பத்திரம் ஏதேனும் ஒரு நாள் ஊர்பினோவின் ஆவணங்களுக்கிடையே கிடைத்தாலும், அது ஃபெதெரிகோவுக்குப் பின்னால் நிற்பவர் யோவானா அந்திரேயாவா என்பதைத் தீர்த்துவைக்கும். முட்டையைப் பற்றி அது வாய் திறக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.